முதல் வாய்க்கு முன்னால்: கிராஃப்ட் பீர் பழக ஒரு வழிகாட்டி

இரவில் கரண்ட் போய்விட்டது. தாகம். அடுப்படி மேடையில் கைக்குத் தட்டுப்பட்ட எவர்சில்வர் டம்ளரை எடுத்து, பால் என்று நினைத்து ஒரு வாய் குடிக்கிறீர்கள். அது மோர். முகம் சுளித்துவிடும், சிலர் துப்பியே விடுவார்கள். அந்த மோரில் ஒரு குறையும் கிடையாது. மதியம் அதையேதான் சோற்றில் ஊற்றிப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டோம். நாக்கு பாலுக்குத் தயாராக இருந்தது, வந்தது மோர். நடந்தது அவ்வளவுதான்.

சிறிய ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் கிராஃப்ட் பீரை முதல் தடவை குடித்துவிட்டு "இதற்கா இவ்வளவு விலை?" என்று கிளாஸைத் தள்ளி வைக்கிறவர்களில் பலருக்கும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் வேலை பார்த்த காலத்தில், ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் பக்கத்து ஊரான பாம்பெர்க் போனேன். அங்கே ஷ்லெங்கெர்லா என்ற பழைய மதுக்கூடம் இருக்கிறது. அவர்களுடைய ரவுக்பியர் என்ற புகை பீருக்குப் போகிற மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, பீச் மரக்கட்டைகளை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. கருப்பாக ஒரு பீர் வந்தது, நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கிற லாகர் வகை என்று நினைத்து ஒரு மடக்கு குடித்தேன். வாய் முழுக்கப் புகை. பாதியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, கூட வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் மறுபடியும் அழைத்துப் போனார். கிளாஸ் வருவதற்கு முன்பே அவர் சொன்னது இது: "பீர் குடிக்கப் போகிறோம் என்று நினைக்காதே. புகையில் வாட்டிய பண்டம் ஒன்றைச் சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துக்கொள்." எனக்கு உடனே சுட்ட கத்தரிக்காய் நினைவுக்கு வந்தது. விறகடுப்பில் காய்ச்சிய பாலில் புகை வாடை அடித்தால் நாம் குடிக்க மாட்டோம். அதே வாடை கத்தரிக்காய்க் கொத்சுவில் இல்லாவிட்டால் "சரியாகச் சுடவில்லையா?" என்று கேட்போம். அன்றைக்கு அந்த கிளாஸைக் காலி செய்து இன்னொன்றும் வாங்கினேன். பீர் அதே பீர்தான். அந்தக் கடையில் கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டையிலேயே, முதல் மடக்கு விநோதமாகப் பட்டாலும் மனம் தளர வேண்டாம், போகப் போகப் பிடித்துவிடும் என்ற பொருளில் பழைய ஜெர்மன் மொழியில் அச்சடித்திருக்கிறார்கள். முதல் தடவை போனபோது அதை நான் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வருடம் பலரோடு உட்கார்ந்து சுவைத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியானது ஒன்றுதான். எதிர்பார்ப்பை முழுசாகத் துடைத்துவிட்டு யாராலும் குடிக்க முடியாது. ஆனால் எது முன்னால் தெரிய வேண்டும், எது பின்னால் தெரிய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். பீரின் வகை முன்னால் தெரிய வேண்டும். கம்பெனிப் பெயர், விலை, மதிப்பெண் எல்லாம் பின்னால் தெரிந்தால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தான்.

இதுவரை லாகர் மட்டும் குடித்துவிட்டு, பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ டொரண்டோவிலோ முதல் முறையாக ஒரு கிராஃப்ட் பீர்க் கடையில் நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிக்காதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். வண்டி ஓட்டுவதாக இருந்தால் அன்றைக்கு இது வேண்டாம்.

முதல் படி: உங்கள் மனதில் உள்ள பீரை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து "பீர் என்றால்" என்று தொடங்கி நான்கு வரி எழுதுங்கள். நம் ஊரில் பலரும் எழுதுவது ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்: மஞ்சளாக இருக்கும், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருக்கும், லேசாகக் கசக்கும். இது லாகர் என்ற ஒரே ஒரு வகைக்கான வர்ணனை. உங்கள் நாக்கு இனிமேல் எந்த பீரைக் குடித்தாலும் இந்தத் தாளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால்தான் இதை எழுதி வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

எழுதியதில் முதலில் அடிக்க வேண்டியது நிறத்தைப் பற்றிய நம்பிக்கையை. கருப்பாக இருந்தால் கனமானது, போதை அதிகம். பொன்னிறமாக இருந்தால் லேசானது என்று நினைக்கிறோம். அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் என்ற பீர் கன்னங்கரேல் என்று இருக்கும், அதில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் கடைகளில் ஸ்ட்ராங் என்று லேபிள் ஒட்டி விற்கும் பொன்னிற பீர்கள் 8 சதவீதம் வரை போகின்றன. கின்னஸின் கருப்பு, வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. காபிக் கொட்டையைக் கருக வறுத்தால் நிறமும் கசப்பும் ஏறும், போதை ஏறாது அல்லவா, அதே கணக்குதான். நைட்ரஜன் கலந்து ஊற்றுவதால் குமிழிகள் பொடிப் பொடியாக இருக்கும், வாயில் பாலேடு போல வழவழப்பாக இறங்கும். அந்த வழவழப்பைத்தான் நாம் கனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு நேர்மாறானது பெல்ஜியத்தின் டூவல். வெளுத்த பொன்னிறம், மேலே பஞ்சு போல நுரை, பார்த்தால் சாதாரண லாகர் மாதிரி. ஆல்கஹால் 8.5 சதவீதம். முதல் உலகப் போர் முடிந்ததைக் கொண்டாட விக்டரி ஏல் என்ற பெயரில் வந்த பீர் அது. குடித்துப் பார்த்த ஒருவர் இது நிஜமான பிசாசு என்று சொல்லப்போய், 1923இல் அந்த ஊர்ப் பேச்சுமொழியில் பிசாசைக் குறிக்கும் டூவல் என்ற பெயரே நிலைத்துவிட்டது. நிறத்தை நம்பி லாகர் போல மளமளவென்று குடித்தால் எழுந்து நிற்கும்போது தெரியும்.

இரண்டாம் படி: வகையைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்

கடையில் உட்கார்ந்ததும் "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "இது எந்த வகை? எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வரும் பதில் ஒரு பாராட்டு. அதை வைத்துக்கொண்டு நாக்கைத் தயார் செய்ய முடியாது. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் கோதுமை, புளிப்பு, காபி, புகை என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

புத்தகங்களில் இந்தச் சுவைகளுக்குக் கொடுக்கும் உவமைகள் நாம் சாப்பிட்டே பார்க்காத பழங்களாகவும் ரொட்டிகளாகவும் இருக்கும். அவற்றை உருப்போட வேண்டாம். நம் அடுப்படியிலேயே நல்ல உவமைகள் இருக்கின்றன. நான் பிறருக்குச் சொல்கிறவற்றை இங்கே தருகிறேன்.

கோதுமை பீரில் தொடங்குவது நல்லது. ஜெர்மன் வகையில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் தெளிவாகத் தெரியும். பழமும் கிராம்பும் சேர்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு மணமும் ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாவது. பெல்ஜிய வகையில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். ஹூகார்டன் ஊரில் அழிந்துபோன இந்த வகையை 1966இல் பியர் செலிஸ் என்பவர் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். தனியா இடித்த வாசனை நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம் என்பதால் பலர் முதல் வாயிலேயே அடையாளம் கண்டுவிடுகிறார்கள். இரண்டுமே கலங்கலாகத்தான் இருக்கும். கெட்டுப்போகவில்லை.

ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல், என்பதில் உள்ள "ஐ" இந்தியாவைக் குறிக்கும். அதனால் இந்தியாவில் பிறந்த பீர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் காய்ச்சி, 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த வெள்ளையர்களுக்காகக் கப்பலில் வந்த, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூ தூக்கலான வெளிர் ஏல் (லாகர் அல்லாத ஒரு பீர் குடும்பம்) அது. இன்றைக்குக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கர்கள் தங்கள் ஹாப்ஸைப் போட்டு மாற்றிய வடிவம். அவர்களுடைய கேஸ்கேட் ஹாப்ஸை முகர்ந்தால் பம்ப்ளிமாஸ் தோலை நகத்தால் கிள்ளியது போல இருக்கும். புது மாதிரி கலங்கல் ஐ.பி.ஏ.க்கள் மாம்பழச் சாறு நிறத்திலும் மணத்திலும் வரும். கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாகற்காயும் சுண்டை வற்றலும் சாப்பிடுகிற ஆட்கள் நாம். குழம்பில் கசப்பு வந்தால் ரசிக்கிறோம், ஏனென்றால் அது வரும் என்று தெரிந்தே கையை வைக்கிறோம். ஐ.பி.ஏ.வின் முதல் வாய்க்கு முன்னால் "கசக்கப் போகிறது" என்று ஒரு முறை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன வேலை எவ்வளவு மாற்றம் செய்யும் என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கின்னஸ் போன்ற கருப்பு பீரான ஸ்டவுட்டுக்கு உவமை தேடவே வேண்டாம், சிக்கரி போடாத பில்டர் காபி டிகாக்‌ஷன். பெல்ஜியத்தின் கனமான கருப்பு ஏல்கள் கருப்பட்டி, பேரீச்சம்பழம், உலர்திராட்சை என்று போகும்.

புதியவர்களை அதிகம் விரட்டுவது லாம்பிக் என்கிற புளிப்பு பீர். பிரஸ்ஸல்ஸிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் காய்ச்சுவது. ஈஸ்ட்டைத் தனியாகப் போடாமல், காய்ச்சிய சாற்றை அகலமான தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைத்து, காற்றில் வருகிற நுண்ணுயிர்களே நொதிக்க வைக்கும்படி விடுவார்கள். அப்புறம் மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். பீர் என்று நினைத்துக் குடித்தால் வீணாய்ப் போனது என்றுதான் தோன்றும். பழைய சோற்று நீராகாரத்தை நினைத்துக்கொண்டு குடியுங்கள். நீராகாரத்தின் புளிப்பும் இதன் புளிப்பும் பெருமளவு லாக்டிக் அமிலத்திலிருந்து வருபவைதான், ஆகவே இது வெறும் உவமையும் அல்ல. கூடவே தொழுவத்து வைக்கோல் மாதிரி ஒரு மணம் வரும். அதுவும் வர வேண்டியதே.

மூன்றாம் படி: பெயரையும் விலையையும் மறைத்து வையுங்கள்

வகையைத் தெரிந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் ஏன் மறைக்கச் சொல்கிறேன்? வகை என்பது என்ன வரப்போகிறது என்று சொல்கிறது. பெயரும் விலையும் அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நமக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

1964இல் அலிசன், ஊல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 300க்கும் மேற்பட்ட பீர் குடிப்பவர்களிடம் லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் பிராண்டு அதில் இருந்தும், அதற்கு யாரும் தனியாக உயர்ந்த மதிப்பு கொடுக்கவில்லை. பிறகு அதே பீர்களை லேபிளோடு கொடுத்தபோது ஒவ்வொருவரும் தன் பிராண்டை மேலே தூக்கி வைத்தார்கள். 2008இல் கலிபோர்னியாவில் ஒயினை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை அதிகம் என்று கேட்டபோதுதான் அதிகம் பிடித்தது என்றார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்த அவர்களுடைய மூளையில், இன்பத்தை உணரும் பகுதியும் அப்போதுதான் அதிகம் வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே நன்றாக இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2006இல் வெளிவந்தது. லியோனார்ட் லீ, ஷேன் ஃப்ரெடெரிக், டான் ஏரியலி மூவரும் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், மதுக்கூடத்துக்கு வந்தவர்களுக்கு இரண்டு பீர் கொடுத்தார்கள். ஒன்று சாதாரண பீர், இன்னொன்று அதே பீரில் சில சொட்டு பால்சாமிக் வினிகர் விட்டது. வினிகர் விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வினிகர் விட்டதே நன்றாக இருக்கிறது என்றார்கள். குடிப்பதற்கு முன்பே தெரிந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் அதைவிட மிகவும் குறைவு. மூன்றாவது குழுவினருக்குக் குடித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொல்லி, அப்புறம்தான் எது பிடித்தது என்று கேட்டார்கள். ஏறக்குறைய தெரியாமல் குடித்தவர்கள் அளவுக்கே இவர்களுக்கும் அது பிடித்திருந்தது. வினிகர் என்ற சொல் முன்னால் வந்தபோது நாக்கில் பட்ட சுவையையே மாற்றிவிட்டது, பின்னால் வந்தபோது அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் வரிசை வரிசை என்று வற்புறுத்துவது இதனால்தான்.

செல்போன் செயலிகளில் உள்ள மதிப்பெண்ணும் அந்த வினிகர் மாதிரிதான். 5க்கு 4.5 என்று பார்த்துவிட்டுக் குடித்தால் நீங்கள் பீரைச் சுவைக்க மாட்டீர்கள், அந்த 4.5 சரியா என்று சரிபார்ப்பீர்கள். குடித்து, எழுதி முடித்த பிறகு பாருங்கள்.

நான்காம் படி: மேசையைத் தயார் செய்யுங்கள்

பிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, அல்லது எடுத்த குளிரோடு, குடிக்க வேண்டாம். அதிகக் குளிரில் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, கோதுமை பீருக்கும் ஐ.பி.ஏ.வுக்கும் 7 முதல் 10, ஸ்டவுட்டுக்கும் பெல்ஜியக் கருப்பு ஏலுக்கும் 10 முதல் 14 டிகிரி. ஐரோப்பியப் புத்தகங்களில் வெளியே எடுத்து அரை மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். சென்னை வெயிலில் அப்படி வைத்தால் வெந்நீர் ஆகிவிடும், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்.

சைட் டிஷ் விஷயத்தில் நான் கறார். மிக்சர், ஊறுகாய், சில்லி சிக்கன் எதுவும் சுவைத்துப் பார்க்கும் நேரத்தில் மேசைக்கு வரக்கூடாது. மிளகாய் பட்ட நாக்குக்கு ஆல்கஹாலின் எரிச்சல் கூடுதலாகத் தெரியும். வெறும் ரொட்டித் துண்டும் தண்ணீரும் போதும். சுவைத்து முடித்த பிறகு எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். பக்கத்தில் ஊதுபத்தி, மல்லிகைப்பூ, சென்ட் இதெல்லாம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள்.

ஐந்தாம் படி: மூன்று டம்ளர் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பீர் ஆலைகளே தங்கள் சரக்கைச் சோதிக்கப் பயன்படுத்தும் முறை இது. உங்களுக்கு வேண்டியது ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பீர், உதவிக்கு ஒரு ஆள், அப்புறம் எவர்சில்வர் டம்ளர்கள்.

ஏன் எவர்சில்வர்? நிறம் தெரியாது. நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு பிரான்சின் போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு நல்ல சான்று. ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குப் பயன்படுத்தும் சொற்களைக் கொண்டே அதன் மணத்தை வர்ணித்தார்கள். வெளிநாட்டில் இதற்கென்று கருப்புக் கண்ணாடிக் கிளாஸ் வாங்குகிறார்கள், நமக்கு அந்தச் செலவு இல்லை. டம்ளரில் சோப்பு வாடையோ நேற்றைய காபி வாடையோ இல்லாமல் வெந்நீரில் அலசிக் காய வைத்துவிடுங்கள்.

இரண்டு பாட்டிலையும் ஒரே நேரத்தில் பிரிட்ஜில் வைத்து ஒரே நேரத்தில் எடுங்கள். ஒன்று குளிர்ந்தும் ஒன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் அந்த வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிப்பீர்கள். ஊற்றுகிறவர் அடுத்த அறையில் இருக்கட்டும். மூன்று டம்ளரில் இரண்டில் ஒரு பீரும் ஒன்றில் மற்றதும், ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி அளவு, அதாவது 30 மில்லி ஊற்றட்டும். எதில் எது என்பதை டம்ளருக்கு அடியில் ஒட்டிய எண்ணோடு தாளில் குறித்து மடித்து வைக்கட்டும். டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் போய்விட வேண்டும். அவர் நின்றால் உங்கள் கண் டம்ளரைப் பார்க்காது, அவர் முகத்தைப் பார்க்கும்.

உங்கள் வேலை ஒன்றே ஒன்று: தனித்து இருப்பது எது? எது நல்லது என்பது அல்ல. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அதனால் ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆறு முறை செய்யுங்கள். ஐந்து முறை சரியாகச் சொன்னால் உங்கள் நாக்குக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது என்று நம்பலாம், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர வாய்ப்பு 100க்கு 2 கூட இல்லை. நான்கு வந்தால் சந்தேகம்தான். ஆறு சுற்றுக்கும் சேர்த்து அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வது நல்லது. கடைசிச் சுற்றுகளில் போதை ஏறிய நாக்கு சொல்வதற்கு மதிப்பு இல்லை.

நண்பர்களோடு செய்தால் ஒரு கட்டுப்பாடு அவசியம். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் பேசக்கூடாது. "ஏதோ வாழைப்பழம் மாதிரி இருக்கு இல்ல?" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், அந்த வாழைப்பழம் எல்லோர் நாக்கிலும் ஏறிவிடும். நான் பார்த்தவரை, லேபிளை விடவும் பலமாக மனதை மாற்றுவது பக்கத்து நாற்காலிக்காரர்தான்.

ஆறாம் படி: மூன்று வாய் வரை தீர்ப்பு எழுதாதீர்கள்

முதல் வாயில் உங்களுக்குத் தெரிவது நீங்கள் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள தூரம். இரண்டாவது வாயில் அதிர்ச்சி குறையும். மூன்றாவதில்தான் பீர் என்ன சொல்கிறது என்று கேட்கும். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் முகருங்கள், விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள், பாதிச் சுவை அங்கேதான் இருக்கிறது. பிறகு இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, என்ன எதிர்பார்த்தேன். இரண்டாவது வரி, என்ன வந்தது. பத்துப் பீருக்கு இப்படி எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தால், நீங்கள் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவற்றில் எத்தனை நிஜமாகப் பிடிக்காதவை, எத்தனை மோர் டம்ளர் கதை என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று வாய்க்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தப் பீருக்கும் சட்டம் இல்லை.

ஏழாம் படி: பீரே கெட்டிருந்தால்

எல்லாப் பழியையும் எதிர்பார்ப்பின் தலையில் போடக்கூடாது. சில சமயம் பீர் நிஜமாகவே கெட்டிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பழசாகிக் காற்று பட்டிருக்கிறது. லாகரில் பாப்கார்னில் ஊற்றும் வெண்ணெய் வாடை தூக்கலாக வந்தால் நொதித்தல் ஒழுங்காக முடியவில்லை, அல்லது குழாய் சுத்தமாக இல்லை. புளிப்பு வகை அல்லாத பீர் வினிகர் போலப் புளித்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

வெயில் பட்ட பீரில் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் வரும். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெளிச்சத்தில் சிதைவதால் வருவது. பழுப்பு பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது. பச்சை பாட்டிலிலேயே குடித்துப் பழகிய சிலர் இந்த வாடையை "ஃபாரின் பீர் வாசனை" என்று நினைத்து, அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்கிறார்கள். குறை ஒன்று பழகிப் பழகி எதிர்பார்ப்பாகவே மாறிவிட்டது.

ஐ.பி.ஏ. வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் மணம் சீக்கிரம் போய்விடும், அடைத்து மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. உலகமே புகழும் ஐ.பி.ஏ. உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால் முதலில் தேதியைப் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் நாக்கைச் சந்தேகப்படுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2009இல் புனேயில் டூலாலியும் அடுத்த ஆண்டு பெங்களூரில் டாய்ட்டும் வந்த பிறகு, காய்ச்சிய இடத்திலேயே குடிக்கிற கடைகள் பெருகிவிட்டன. அங்கே புதிதாகக் கிடைக்கும். சின்னச் சின்ன கிளாஸில் நான்கைந்து வகையைச் சேர்த்துத் தரும் சாம்பிளரும் கிடைக்கும். முதல் தடவை முழு கிளாஸ் வாங்காமல் அதை வாங்குங்கள்.

எட்டாம் படி: லேபிளைத் திறந்துவிட்டு மீதியைக் குடியுங்கள்

மறைத்துச் சுவைப்பதில் ருசி கண்டவர்கள் சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், லேபிள், கதை எல்லாம் ஏமாற்று என்ற முடிவோடு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்ற கிராமத்தில் சின்ட் சிக்ஸ்டஸ் மடம் இருக்கிறது. துறவிகள் தங்கள் மடத்தை நடத்தத் தேவையான அளவுக்கு மட்டும் பீர் காய்ச்சுகிறார்கள். வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 என்ற அவர்களுடைய கருப்பு ஏல் உலகின் மிகச் சிறந்த பீர் என்று மதிப்பெண் பட்டியல்களில் பலமுறை முதலிடம் பிடித்தது. நீண்ட காலம் பாட்டிலில் லேபிளே இருக்காது, மூடியைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். அப்போதெல்லாம் முன்பதிவு செய்து மடத்து வாசலுக்கே போய் வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான வாட்டுவில் சின்ட் பெர்னார்டஸ் என்ற ஆலை இருக்கிறது. 1946 முதல் 1992 வரை அந்த மடத்தின் பீரை உரிமம் பெற்றுக் காய்ச்சியவர்கள் இவர்கள். மடத்தில் பீர் காய்ச்சியவரே செய்முறையோடும் ஈஸ்ட்டோடும் அங்கே போய்ச் சேர்ந்தார். உரிமம் முடிந்த பிறகும் ஆப்ட் 12 என்ற பெயரில் தங்கள் கருப்பு ஏலைத் தொடர்கிறார்கள். மடத்தில் இப்போது வெஸ்ட்மாலே மடத்தின் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆப்ட் 12 பல நாடுகளில் கடையிலேயே கிடைக்கும்.

எனக்கு ஒரு முறை இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன. மேலே சொன்னபடி மறைத்துச் சுவைத்தேன். வித்தியாசம் தெரிந்தது, ஆப்ட் 12தான் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. தாளில் எழுதி மடித்தேன். பிறகு பாட்டில்களை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, மீதியை அகல வாய் கிளாஸில் பெயர் தெரிந்தே ஊற்றிக் குடித்தேன். மடத்து மதில், வரிசையில் நிற்கும் கார்கள், வேறொரு மடத்திலிருந்து வந்த ஈஸ்ட் எல்லாம் அந்த கிளாஸில் இருந்தன. இப்போது வெஸ்ட்ஃப்ளேட்டரன் இன்னும் நன்றாக இருந்தது. தாளில் எழுதியதை நான் மாற்றவில்லை, அந்தச் சந்தோஷத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் முதல் சோதனை நாளிலும் பாட்டிலில் பாதியையாவது இதற்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தாளை மடித்துப் பையில் போட்ட பிறகு ஊற்றுங்கள். அதற்குப் பிறகு மிக்சர் தட்டும் மேசைக்கு வரலாம்.